என் பெயரை

எனக்கு நல்ல குரல் கிடையாது, ஐயா. ஆனால் என் கிசுகிசுப்பு நன்றாக இருக்கும் என்பார்கள். திரை மறைவில் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை.

எங்கள் குழுவில் இரண்டு பழைய சோக நாடகங்கள் உண்டு. ஒன்றில், பெற்ற மகளையே கோபுரத்தில் அடைத்துச் சாகவிட்ட அரசன். மற்றதில், மாலுமிகளை நடுக்கடலில் கைவிட்ட கப்பல் தலைவன். இருவரும் கடைசிவரை தப்பை ஒத்துக்கொள்வதில்லை. இருவரும் முடிவில் ஓர் உயரத்தில் தனியாக நிற்கிறார்கள். இரண்டிலும் ஒரு பெண் வந்து, பழிவாங்க வேண்டாம் என்று கெஞ்சுவாள். அந்த இடம் கொஞ்சம் நீளம், ஜனங்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள். ஒரே கருப்பொருள், அடுத்தடுத்த நாளில் போட்டால் ஒப்பிட்டு ரசிப்பார்கள் என்று குழுத் தலைவரிடம் சொன்னது நான்தான். ஒரே மேடை அமைப்பு போதும் என்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

அரசனும் கப்பல் தலைவனும் என் அக்கா புருஷன். அக்காவும் நடிகைதான். ஒத்திகையில் ஒருமுறை எல்லோர் முன்னாலும் அவர் வசனத்தைத் திருத்தினாள். வீட்டுக்குப் போய் அறைந்தார். ஒரு காது போயிற்று. என் கிசுகிசுப்பு எட்டாததால் மேடையும் போயிற்று. இப்போது ஒப்பனை அறையில் அவர் அங்கிக்குப் பொத்தான் தைக்கிறாள். அவர் தொப்பை முட்டித் தெறிக்கவிடுவார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி தைப்பாள். வயிறு எரிந்தது எனக்குத்தான்.

"விட்டுடுடி. எனக்கு ஒரு காது போதும். அவர் வேணும்" என்றாள்.

மாமாவுக்கு மறதி உண்டு, கவலை கிடையாது. "கொழுந்தியா, நீ ஒரு வார்த்தைய எடுத்துக் குடு. வாய் மறந்தாலும் கால் மறக்காது" என்பார்.

அதை யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாடகத்திலும் கடைசிப் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும். கப்பல் தலைவன், "என் பெயரைச் சொல்லாதீர்கள்" என்று மண்டியிட்டு அழுவான். அரசன், "என் பெயரை அழித்துவிடுங்கள்" என்று சொல்லி அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுவான்; பின்னால் மெத்தை போட்டிருக்கும்.

நேற்று கப்பல் நாடகம். மெத்தை முன்பக்கத்தில், நோயாளி மாலுமியின் படுக்கையாகக் கிடந்தது. பின்னால் வெறும் சிமெண்ட் தரை. மாமா மேலே நின்று "என் பெயரை" என்றார். வழக்கம்போல் அங்கே நின்றுபோனார். கண் என் பக்கம் வந்தது.

"அழித்துவிடுங்கள்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

அப்படியே திருப்பிச் சொன்னார். கால் மறக்கவில்லை. புதிய முடிவு என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வாய் தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். தவறவில்லை. நான்தான் கொன்றேன், அக்காவுக்காக.

அவள் ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்கிற காதுப் பக்கமாகப் போய்க் குனிந்து, இனி உனக்குப் பயமில்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பி, கேளாத காதை என் பக்கம் வைத்துக்கொண்டாள். அதிர்ச்சியில் எந்தக் காது கேட்கும் என்பதே மறந்துபோயிருக்கிறது, பாவம்.