எண்பத்தாறாம் பக்கம்

இல்ல சார், இந்த ஜெராக்ஸ் க்யூ நகர்றதுக்குள்ள நீங்களே சொல்லுங்கோ, காவலுக்கு வெச்ச நாயையே காப்பி எடுத்துண்டு போனா என்ன நியாயம்? ஐயோ, நிஜ நாய் இல்ல சார்! ப்ரோக்ராம். கம்ப்யூட்டருக்குக் காவல். திருட வர்றவாளைக் கடிக்கணும், அதுக்குத்தான் அது. இந்த ஹம்சா என்ன பண்றா? உள்ள நுழையறா, பத்துப் பக்கப் பகடையை உருட்டறா, ஒம்பது விழறது, நாயைக் காப்பி எடுத்துண்டு ஜம்முனு வெளில வந்துடறா!

விளையாட்டுதான் சார். பேப்பர், பென்சில், பகடை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்லாம் யார்கிட்ட இருக்கு? எங்க காலேஜ்லயே ஒண்ணே ஒண்ணு, செருப்பைக் கழட்டிட்டுதான் உள்ள போகணும். இது முப்பது வருஷம் கழிச்சு நடக்கற கதை. பாண்டி பஜார்ல எல்லார் மண்டைலயும் ஒயரு! கதை சொல்றது, தீர்ப்பு சொல்றது எல்லாம் நான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அபிராமபுரத்துல வேம்பு ஆத்து மொட்டை மாடில. தண்ணி லாரி வந்தா மட்டும் இன்டர்வல்.

அந்த நாய் காத்த கம்ப்யூட்டர், மூணு மாசமா யோசிச்சு யோசிச்சு நான் கட்டின கோட்டை சார் அது! சரி, ஒரு காப்பியோட விட்டாளா? வேம்புக்கு ஒண்ணு, அச்யுத்துக்கு ஒண்ணு... நவராத்திரி சுண்டல் மாதிரி வினியோகம். இப்போ நான் எந்த வில்லனை இறக்கினாலும் மூணு நாய் பாயறது. பாவம், வாயைத் திறக்கறதுக்குள்ள க்ளோஸ்.

காவல் ப்ரோக்ராமைக் காப்பி எடுக்கக் கூடாதுடின்னேன். "விதிப் புஸ்தகத்துல காட்டு"ங்கறா. எங்க காட்டறது? எண்பத்துநாலாம் பக்கம், அப்புறம் நேரா எண்பத்தேழு. நாலு பேரோட ஜெராக்ஸ்லயும் அப்படித்தான். "விதியைக் காட்டலேன்னா வர்ற ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஹம்சா கதை சொல்லட்டும். கிச்சா, நீ ஓரமா உக்காரு"ன்னுட்டான் வேம்பு. என்னை! அழுகையே வந்துடுத்து சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன.

விதி இருக்கு சார். எண்பத்தாறாம் பக்கம், கொட்டை எழுத்துல. காவல் ப்ரோக்ராமைக் காப்பி எடுத்தா, எடுத்தவா மேலயே பாயும். எனக்கு எப்படித் தெரியுமா? இதோ... இந்தக் கவர்ல இருக்கே. ஜெராக்ஸ் இல்ல. ஒரிஜினல். வழவழன்னு இருக்கு பாருங்கோ.

அது வந்து... போன வருஷம் புஸ்தகம் கிடையாது, கேள்விப்பட்டதை வெச்சு அச்யுத் கதை சொன்னான், நான் ஆடினேன். அவனோட காவல் பாம்பைப் பதினேழு காப்பி எடுத்தேன். பதினேழு! ஊரையே ஜெயிச்சேன். அப்போதான் ஹம்சாவோட அத்தை பிள்ளை அமெரிக்காலேர்ந்து புஸ்தகம் கொண்டு வந்தான். எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுக்க இங்க எடுத்துண்டு வந்தவன் நான். வர்ற வழில ஒரு பிளேடு... ஒரே ஒரு தாள் சார்! புஸ்தகம் அவனோடயே அமெரிக்கா திரும்பிப் போயிடுத்து. இப்போ இதை ஜெராக்ஸ் எடுத்துண்டு போய், வேற புஸ்தகத்துலேர்ந்து எடுத்து அவன் அமெரிக்காலேர்ந்து அனுப்பினான்னு சொல்லிடலாம்னு...

என்ன பாய், என் டர்னா? நாலு காப்பி. ஆமா பாய், இந்த ஓரம், பிளேடு வெட்டினது, கோணல் மாணலா இருக்கே... ஜெராக்ஸ்ல தெரியுமா? கறுப்பாவா? நாலுலயுமா?

சார், நீங்க முன்னாடி போங்கோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.