மடுத்தீன் உருக்கின வெள்ளி

விடியக் காலமை நாலரை மணி. பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியிலை கால்வாய்க்கரை ரோட்டு... ஒரு சனம் இல்லை. போன மாரி, உறைபனி. மடுத்தீன் முதுகிலை ஒரு சாக்கோடை நடந்து வாறான். சாக்குக்குள்ளை "டுவாங்... டுவாங்..." எண்டு மெல்லிய தகரம் ஆடுற சத்தம்.

கபிரியேல், போர்வையை இழுக்காதை. பயமெண்டால் எழும்பிப் போ. ரயில்காரற்றை ஸ்ரைக் எண்டுதானே எல்லாரும் லா சப்பலிலை இந்த ஒரு அறைக்குள்ளை கிடக்கிறம். பொண்டியிலை இருக்கிற உன்ரை வீட்டுக்கு நடந்தும் போகலாம். என்ன, கேக்கிறியே? அப்ப வாயைப் பொத்திக்கொண்டு கேள்.

மடுத்தீன் ஆரெண்டால், என்ரை சிநேகிதி மரியகொறற்றியின்ரை புருசன். அவள் சொன்னதைத்தான் சொல்லுறன். இந்த லூசியா கதை கட்டுறாள் எண்டு என்னை நினைச்சால் போய் அவளிட்டையே கேளுங்கோ.

இவனுக்கு ஒரு பெரிய ஆசுபத்திரியிலை துடைக்கிற வேலை. பேர் வேண்டாம். நிலவறையிலை பழைய றேடியோப் படங்கள் கட்டுக் கட்டாக் கிடக்கும்... பாட்டுப் பெட்டி இல்லையடா விசரா, எக்ஸ்ரேக்கு இஞ்சை பேர் அது. சின்னப் பிள்ளையளுக்கு அபூர்வமா வயித்துக்கை ஒரு புற்று வரும், வந்தால் விடாது. இண்டைக்குப் புளியங்கொட்டை அளவு, அடுத்த மாசம் தோடம்பழம் அளவு. அந்தப் பிள்ளையளின்ரை படங்கள். அந்தப் படத்திலை பூசியிருக்கிறதுக்கை வெள்ளி இருக்காம். இவன் ஊரிலை தட்டாற்றை பட்டறையிலை நிண்டவன், விடுவானே? ஒரு சாக்கு நிரப்பிக்கொண்டு வந்திட்டான்.

சாக்கு சுட்டதாம். அந்தக் குளிருக்கை... காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கின மாதிரி முதுகெல்லாம் சூடு. வேறை ஆளெண்டால் போட்டிட்டு ஓடியிருப்பான். இந்த அறுவானுக்குக் குளிர் தெரியேல்லை எண்டு சந்தோசம்.

வீட்டை வந்து, குளிக்கிற தொட்டியிலை ஜவெல் தண்ணியை, அதுதான் உடுப்பு வெளுக்கிற மருந்துத் தண்ணியை, ஊத்திப் படங்களை ஊறப் போட்டான். அவள் பிள்ளை பெத்து ஒரு மாசம் ஆகேல்லை. அதே தொட்டியிலைதான் அந்தப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுறது! மரியகொறற்றி ஒரு படத்தை எடுத்து லைற்றுக்குப் பிடிச்சாள். விலா எலும்பு... முள்ளந்தண்டு... வயித்துக்கை உருண்டையா ஒண்டு.

"ஆற்றை பிள்ளையப்பா இது?"

"செத்ததுகளின்ரை. இனி ஆருக்குத் தேவை?"

கேட்டியளே? தூ! இவனும் ஒரு மனிசன்.

படமெல்லாம் கறுப்புச் சளியாக் கழண்டு மிதந்ததாம். தொட்டி ஓட்டை அடைச்சுப் போச்சு. இவன் விரலை விட்டு இழுக்க இழுக்க... வழுவழு எண்டு வந்துகொண்டே இருந்ததாம். அதை வழிச்செடுத்து, அவள் கத்தரிக்காய் பொரிக்கிற தாச்சியிலை போட்டு வறுத்தான். வீடு முழுக்க மயிர் பொசுங்கின மணம். சீ... அவளுக்கு மூண்டு நாள் சோறு இறங்கேல்லை. அவன் நல்லாத் திண்டான்.

பிறகு உருக்கி, கம்பி இழுத்து, பிள்ளைக்கு ஒரு அரைஞாண் செய்தான். ஞானஸ்நானத்தண்டு அதைக் கட்டிவிட்டு, "சுத்த வெள்ளி, சுத்த வெள்ளி" எண்டு வந்த சனத்துக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். நானும் தொட்டுப் பாத்தனான்... கோதாரி, இந்தக் கையாலை.

அண்டைக்கு இரவே தொடங்கினது அழுகை. பிள்ளையின்ரை வயிறு கல்லு மாதிரி ஊதிப் போச்சு. மரியகொறற்றி அரைஞாணைப் பிடுங்கி எறிஞ்சாள். ஊதல் வத்தேல்லை. அவளுக்கு அந்தப் படத்திலை கண்ட உருண்டைதான் கண்ணுக்கை நிக்குது. பிள்ளையை வாரிக்கொண்டு கிட்டடி ஆசுபத்திரிக்கு ஓடினாள், பின்னாலை அவனும். "என்ரை பிள்ளைக்கும் கட்டியோ?" இதைத் தவிர அவளின்ரை வாயிலை வேறை கதை இல்லை.

படம் எடுத்தினம். டொக்டர் ஒரு பொம்பிளை. படத்தோடை வெளியிலை வந்து ஏசுறா: "எடுக்கேக்கை ஆர் உள்ளுக்கை கையை நீட்டினது?"

ஒருத்தரும் நீட்டேல்லை. படத்திலை, பிள்ளையின்ரை இடுப்பைப் பிடிச்சபடி ஒரு எலும்புக் கை. டொக்டர் மணிக்கட்டு எலும்புகளை ஒண்டொண்டா எண்ணினா. "இது பெரியாக்களின்ரை இல்லை... ஆறு வயசு வரும்" எண்டா.

திரும்ப எடுத்தினம்... ஏழு கை.

மடுத்தீன் சுவரோடை குந்திச் சத்தி எடுத்தான். கறுப்பா வந்ததாம். ஒருத்தரும் அவனைத் தூக்கப் போகேல்லை.

மூண்டாந்தரம், டொக்டர் எல்லாரையும் வெளியிலை விட்டுக் கதவைப் பூட்டித் தானே எடுத்தா. கதவைத் திறந்து விட்டிட்டுப் படத்தைக் கொழுவிப் பாத்தா. கழட்டித் திருப்பிக் கொழுவினா. மரியகொறற்றி உள்ளுக்கை ஓடி அவவின்ரை சட்டையைப் பிடிச்சிட்டாள். "கட்டி இருக்கோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ!"

"கட்டி இல்லை, மதாம்."

ஆண்டவரே எண்டு இவள் குழறத் தொடங்க, டொக்டர் இவளின்ரை கையை இறுக்கிப் பிடிச்சா.

"உங்கடை பிள்ளையையும் படத்திலை காணேல்லை."

பிள்ளை அங்காலை மேசையிலை கிடந்து காலை உதைச்சுக்கொண்டிருக்குது... படத்திலை ஒரு எலும்பு இல்லை அதின்ரை. கையள்தான். ஒண்டுக்கு மேலை ஒண்டா, படம் முழுக்கச் சின்னச் சின்னக் கையள்.