ஜெரோமுக்குப் பெறகு வந்த ஆராய்ச்சி

...பின்ன என்ன தாயி, நான் வந்தது மாத்திர வாங்க. ஆஸ்பத்திரில ஒரு புள்ள புடிச்சு ஒக்கார வச்சிருச்சு. பவித்ராவாம், ஆராய்ச்சி பண்ணுதாம். கேள்வி கேட்டுத் தள்ளுது! பசி வேற. பஸ்சுல ஏறிச் செத்த நேரம் கண்ணசரலாம்ன்டா, அந்தப் பேச்சே காதுல நிக்கிது.

வருசா வருசம் ஆராய்ச்சியும் மாறுது, பாத்துக்கங்க. முந்தியெல்லாம் எப்புடிம்மா வந்துச்சும்பாக. அப்பறம், மாத்திரைய விடாம முழுங்குறியாம்பாக. இப்ப என்னடான்டா, டிபி வராமத் தடுக்க வாரத்துக்கு ஒருக்கா மாத்திரயாம், எக்ஸ்ரேயக் கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிருமாம்! கேக்க நல்லாத்தான் இருக்கு...

எனக்கு என்னவா? சொல்றேன். எங்க வீட்டுக்காரரு ஜெரோமு, பூ மார்க்கெட்டுல எட போட்டவரு. விடாம இருமலு. சோதிச்சா டிபி. கூடவே ஹெச்.ஐ.வி.யும் இருக்குன்டாக. மொதல்ல டிபிய முடிப்போம், மத்ததுக்கு மருந்து பெறகு பாப்போம்ன்டாக. அப்ப அப்புடித்தானாம். அவரும் சரிங்கய்யான்டு காத்திருந்தாரு. ஒடம்பு காத்திருக்கல... போய்ச் சேந்துட்டாரு.

பின்னால எனக்கும் அதே ரெண்டும். ஆனா எனக்கு ரெண்டுக்கும் அடுத்தடுத்து மருந்து ஆரம்பிச்சுட்டாக. இந்தா, குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன்! ஏன் அவருக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரின்டு இம்புட்டு நாளாத் தெரியாது. இன்னிக்கு அந்தப் புள்ளதான் சொல்லுது: "ஐரினம்மா, தள்ளிப் போட்டா நெறைய பேரு எறந்துர்றாங்கன்னு ஆராய்ச்சில தெரிஞ்சுச்சு. அதான் மாத்துனாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தாயி! "ஏம்மா, காத்திருந்தவுக செத்தாத்தான அது தெரிஞ்சிருக்கும்? எங்க ஆளையும் அதுல சேத்தாகளா?"ன்டேன். அந்தப் புள்ள பேனாவ வச்சுட்டு என் கையப் புடிச்சுக்கிருச்சு, கண்ணெல்லாம் தண்ணி. இன்னிக்கு எனக்கு நேரமானதுக்கு அதக் குத்தம் சொல்லி என்ன... போதும்மா, போய்ச் சாப்புடுங்கன்டுதான் அது சொன்னுச்சு. நாந்தான் ஒக்காந்து, கேட்டது கேக்காதது அம்புட்டையும் சொல்லிட்டு வந்தேன். இன்னொருத்தி வீட்டுக்காரராச்சும் பொழைக்கட்டுமேன்டுதான்...

அட, எங்க எந்திரிச்சுட்டீக? ரெட்டியார்சத்திரமே இன்னும் வரல, பழனிக்குத்தான டிக்கெட்டு எடுத்தீக? முந்தானைய எடுத்து மூக்க மூடாதீக தாயி, டிபி எனக்குக் கொணமாயி வருசக்கணக்காச்சு. மத்தது பக்கத்துல ஒக்காந்தா ஒட்டாது.

ஒக்காருங்க... பழனி வரைக்கும் நின்டுக்கிட்டே போனா, கால் வலிதான் வரும்!