பேரு கூப்பிடற வரைக்கும்

இல்லக்கா, அத மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். வக்கீலுங்க லேட்டா வர்றதாலதான் எல்லா கேஸும் இழுக்குதுன்னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டா எப்படி? நீங்க போலீஸ் யூனிஃபார்ம்ல இருக்கீங்கங்கறதுக்காக நான் தலையாட்டிட்டுப் போயிடுவேன்னு நினைச்சீங்களா? லா காலேஜ்ல நான் கைய தூக்கினாலே லெக்சரர் பாடத்த முடிச்சிட்டுக் கிளம்பிடுவாரு. வாங்க, தூணுக்கு இந்தப் பக்கம் வாங்க, அங்க மூஞ்சில வெயில் அடிக்குது. ஆங், இப்ப சொல்லுங்க.

நீங்க ஜெயில்லேர்ந்து கூட்டிட்டு வந்தவங்களா? அவங்க எங்கக்கா ஓடப்போறாங்க? பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. பக்கத்துல எங்க சித்தி வேற இருக்காங்க, அவங்களோட வக்கீல். படியிறங்கணும்னா நம்மள தாண்டித்தான் இறங்கணும். நீங்க இங்க பாருங்க.

எங்க சித்திக்கு என்ன றெக்கையா இருக்கு? கீழ ஒரு கோர்ட்டு, மாடியில ஒரு கோர்ட்டு, பின்னாடி தகர ஷெட்டுல ஒரு கோர்ட்டு. எல்லாத்துலயும் ஒரே நேரத்துல பேரு கூப்பிடறாங்க. அவங்க ஓடி வர்றதுக்குள்ள நான் எந்திரிச்சு, சீனியர் வந்துட்டே இருக்காங்க, கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கன்னு கெஞ்சணும். நியாயமா நான் வாயே தொறக்கக் கூடாது, இன்னும் படிச்சே முடிக்கல, பை தூக்கற ஆளு. ஆனா வேற யாரு இருக்கா?

போன மாசம் என்ன பண்ணேன் தெரியுமா? அவசரத்துல தப்பான ஹால்ல நுழைஞ்சிட்டேன். எல்லாம் ஒரே பச்சைப் பெயின்ட், ஒரே மாதிரி ஓடாத ஃபேன், எத வச்சுக் கண்டுபிடிக்கறது? எந்திரிச்சு சீனியர் வர்றாங்கன்னுட்டேன். ஜட்ஜும் தலைய நிமித்தாம கேஸத் தள்ளி வச்சிட்டாரு. அப்புறம் பாத்தா அது யாரோட விவாகரத்து கேஸோ. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இந்த வராண்டா வரைக்கும் துரத்தி வந்து திட்டினாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசினாங்களாம்.

சிரிக்கறீங்க பாத்தீங்களா. ஆனா உங்க டிபார்ட்மென்ட் மட்டும் ரொம்ப ஒழுங்கோ? இவங்க கேஸோட குற்றப்பத்திரிகைய இன்னைக்குக் காலையிலதான் கையில குடுத்தீங்க. அதுவும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதுக்கு இன்னொரு ஜெராக்ஸ். எங்க சித்தி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, டாக்டர் எலும்பு முறிவு பாக்கற மாதிரி பாத்தாங்க. பறிமுதல் பண்ண செல்போனோட படமாம். போனா செங்கல்லான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சரி, நீங்க எழுதலதான். உங்க ஸ்டேஷன் ரைட்டர் எழுதினாரு. நான் உங்களச் சொன்னேனா?

பெஞ்சுல இருக்கறவங்களோட கடைய உங்களுக்குத் தெரியுமா? போன் ரிப்பேர் கடை, அந்த பஸ் ஸ்டாப் பக்கத்துல... என்னது, உங்க போனுக்குக் கண்ணாடி மாத்தினது அவங்கதானா! அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. யாரோ ரிப்பேருக்குன்னு குடுத்துட்டுப் போன போனு, அது திருட்டுப் போன்னு ஆயிடுச்சு. தெரிஞ்சேதான் வாங்கினேன்னு ஒத்துக்கோ, அபராதத்தக் கட்டிட்டு அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்னு ஸ்டேஷன்ல யாரோ புத்தி சொல்லியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கவே இல்லையே, நீங்க ஏன் தரையப் பாக்கறீங்க?

இவங்களும் சரி சரின்னு மண்டைய ஆட்டிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கோர்ட்டு டவாலி பேரு கூப்பிடுவாரு, உள்ள போய் ஆமாங்க நான்தான்னு சொல்லிடுவாங்க. முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம், நல்லதுதான். மறுநாள் கடையத் தொறந்தா எவ வருவா? போனுக்குள்ள என்னென்ன இருக்கு! பேங்க் இருக்கு, புள்ளைங்க போட்டோ இருக்கு, வீட்டுக்காரருக்குத் தெரியாத மெசேஜ் இருக்கு... ஐயோ, உங்களச் சொல்லலக்கா, பொதுவா. அத்தனையும் நம்பித்தானே குடுத்துட்டு வர்றோம்? திருட்டுப் போன் வாங்கினேன்னு கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டவங்ககிட்ட நீங்க குடுப்பீங்களா? மனசத் தொட்டுச் சொல்லுங்க. பாத்தீங்களா, யோசிக்கறீங்க.

அந்தப் போன யாரு குடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சித்தி கேஸ நடத்திடுவாங்க. சொல்ல மாட்டேங்கறாங்களே! ஜெயில்ல போய்ப் பாத்தா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தணும். ரகசியத்தக் கத்தவா முடியும்? வேன்ல கேக்கலாம்னா ரெண்டு பக்கமும் போலீஸு. இங்க இறங்கினா...

எங்கக்கா போறீங்க? தண்ணி பாட்டில் நான் எடுத்துத் தர்றேன். இல்ல, என்கிட்ட இருக்கு, இந்தாங்க. பெஞ்சுப் பக்கம் போகாதீங்கக்கா, ப்ளீஸ்.

சரி, சொல்லிடறேன். உங்களோட சண்டை போடணும்னு நான் வரல. அதாவது, போடணும்னு ஆசைதான், ஆனா அதுக்காக மட்டும் வரல. இந்தக் கட்டடத்துல ஜெனரேட்டருக்கு ரூம் இருக்கு. உடைஞ்ச நாற்காலிங்களுக்குக் கூடப் பூட்டு போட்டு ஒரு ரூம் இருக்கு. வக்கீலும் கட்சிக்காரரும் தனியா உக்காந்து பேச ஒரு மூலை கிடையாது. இப்படி இருந்தா அவங்க என்னத்த நம்பி வாயத் தொறப்பாங்க? அதனால இன்னைக்கு அந்த பெஞ்சுதான் ரூமு. கதவு நானு.

என்ன? அப்பவே தெரியுமா!

எல்லா வக்கீலோட ஜூனியருங்களும் இதேதான் பண்றாங்களா? ஒருத்தன் முழு சினிமாக் கதையும் சொல்லுவானா? இன்னொருத்தன் உங்க பொண்ணுக்குக் கணக்கே சொல்லிக் குடுத்துட்டானா! சே, நான் என்னமோ நானே கண்டுபிடிச்ச மாதிரி... அப்ப தெரிஞ்சுதான் முதுகக் காட்டிட்டு நிக்கறீங்களா? நீங்க இருக்கீங்களே!

திரும்பாதீங்க, நானே பாத்துச் சொல்றேன். அக்கா, பேசறாங்க! இவ்ளோ நாளா ஊமை மாதிரி இருந்தவங்க, கையெல்லாம் ஆட்டிப் பேசறாங்க. சித்தி எழுதிட்டே இருக்காங்க, பேனா நிக்கவே இல்ல.

ஐயையோ. படியில யாரு வர்றதுன்னு பாருங்க. உங்க ரைட்டர்தானே அது? பெஞ்சப் பாத்துட்டேதான் வர்றாரு. ஒத்துக்கோன்னு சொன்னதே அவராத்தான் இருக்கும், அவரு மூஞ்சியக் கண்டா இவங்க வாய மூடிடுவாங்கக்கா, அப்புறம் உள்ள போய் ஆமாம்னுதான் சொல்லுவாங்க.

என்னத் திட்டுங்க.

நிஜமாத்தான் சொல்றேன், வாய்க்கு வந்தபடி திட்டுங்க. அவரு நம்ம பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கணும், ரெண்டு பேரையும் விலக்கி விடணும், பஞ்சாயத்துப் பண்ணணும். நான் வேணும்னா உங்க சட்டையப் பிடிக்கவா? வேணாமா, என் மேல கேஸாயிடுமா? சரி, கையக் கட்டிக்கறேன். ஆரம்பிங்க.

ஆங், அப்படித்தான். வாயாடியா? இதெல்லாம் ஒரு திட்டாக்கா, எங்க வீட்டுல தினமும் வாங்கறேன். வேற சொல்லுங்க, இன்னும் சத்தமா.