லைட் டூட்டி என்று எழுதாத டாக்டர்

தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கப் பெரியவர் வெள்ளைச்சாமி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர்களே, டாக்டரின் துணைவியார் அவர்களே, மகள் ஷைனி, ஷிப்ட் முடிந்து குளிக்கக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் சுரங்கத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் திலகவதி. எலும்பு மருத்துவர் ஜெரால்டு அவர்களோடு பதினான்கு ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நர்ஸ். அவரிடம் திட்டு வாங்கியவர்களைக் கணக்கெடுத்தால் எனக்குத்தான் முதல் பரிசு. இன்று நான் அழ வரவில்லை, நன்றி சொல்ல வந்தேன். அழாமல் சொல்லி முடிப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

எனக்கு முன் பேசியவர்கள் டாக்டரின் பட்டங்களைச் சொன்னார்கள். நான் அவர் செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன். இரங்கல் கூட்டத்தில் தவற்றையா சொல்வது? ஆம்! அதைச் சொல்லாமல் அவருடைய பெருமையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

2003ஆம் ஆண்டு. குள்ளஞ்சாவடிக்காரர் கொளஞ்சியப்பன், காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டின் உருளையைத் தூக்கும்போது வலது முழங்கையில் படாரென்று ஒரு சத்தம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அறுந்து மேலே சுருண்டுகொண்டது. பர்மனென்ட் ஆகும் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்த நேரம் அது. மருத்துவச் சோதனையில் கை தேறாவிட்டால் எல்லாம் போயிற்று.

நூல் கோத்த ஒரு சிறு திருகாணியை எலும்பில் இறக்கி, அந்த நூலால் தசைநாணை இழுத்துக் கட்ட வேண்டும். டைட்டானியத் திருகாணி உள்ளேயே தங்கிவிடும். அப்போது புதிதாக வந்த இன்னொரு வகை உடம்புக்குள் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். டாக்டர் கரைவதையே தேர்ந்தெடுத்தார். கொளஞ்சியப்பன் சும்மா இருப்பாரா?

“அது கரைஞ்சி பூட்டா, அப்பால கைய எது சார் புடிச்சிகினு இருக்கும்?”

“அதுக்குள்ள உன் நாணே எலும்போட ஒட்டிக்கும்பா” என்றார் டாக்டர்.

ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்ததும், பளு தூக்காத வேலை கொடுங்கள் என்ற அர்த்தத்தில், டாக்டர் சான்றிதழில் ‘லைட் டூட்டி’ என்று எழுதிக் கொடுத்தார். இரண்டே வாரம்! அதே கை, அதே இடம், மறுபடி அறுந்துவிட்டது.

டாக்டர் இடிந்து போனார். “கரையற திருகாணிய நம்பிக் கெடுத்துட்டேன், சிஸ்டர்” என்று புலம்பினார். அதோடு விட்டாரா? கசாப்புக் கடையிலிருந்து ஆட்டெலும்பு வந்தது. பட்டறை ஃபோர்மேன் பரமசிவம் சாரைப் பிடித்தார். இரண்டு வகைத் திருகாணியையும் எலும்பில் இறக்கி, நூலில் எடைக்கற்களைத் தொங்கவிட்டார்கள். நான் நோட்டில் எழுதினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே பளுவைத்தான் தாங்கின. பல தடவை திருகாணி அசையவே இல்லை, நூல்தான் அறுந்தது.

அப்படியானால் தப்பு எங்கே? அதற்குப் பிறகுதான் கொளஞ்சியப்பனையே கேட்க டாக்டருக்குத் தோன்றியது. “என்னப்பா வேல செஞ்ச நீ?”

“நீங்க எழுதின மாதிரி லைட் டூட்டிதாங்க சார். லைட்டு செக்‌ஷன்ல போட்டாங்க. மைன்ஸ்ல லைட்டு கம்பம் தூக்கிகினு போயி நட்டோம், கேபிள் இழுத்துகினு இருந்தோம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து, கொளஞ்சியப்பனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு திருகாணியில இல்ல, என் எழுத்துல. மன்னிச்சுக்கோப்பா” என்றார். எத்தனை டாக்டர்கள் இப்படிச் சொல்வார்கள்? நான் பார்த்தது ஒருவரைத்தான்!

இரண்டாவது ஆபரேஷனில் எதைப் போட்டார் தெரியுமா? அதே கரைகிற திருகாணியைத்தான்! ஆனால் சான்றிதழைத் தமிழில் எழுதினார்: ‘இவர் வலது கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. மூன்று மாதம்.’ அதைத் தானே எடுத்துக்கொண்டு போய், சூப்பர்வைசர் முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். கொளஞ்சியப்பனைக் கருவி அறையில் உட்கார வைத்த பிறகுதான் திரும்பினார். கை தேறிய அன்று கடைசிச் சான்றிதழ்: ‘இனி எந்தப் பளுவும் தூக்கலாம்.’ கொளஞ்சியப்பன் இன்று பர்மனென்ட்.

அதற்குப் பிறகு டாக்டர் ஜெரால்டு லைட் டூட்டி என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வெளியே வரிசை நீளும், நான் முணுமுணுப்பேன், திட்டு விழும். அந்தத் திட்டுக்கெல்லாம் இன்று நன்றி, டாக்டர்! இந்த மேடையில் உறுதி சொல்கிறேன். நான் இருக்கும்வரை, என்ன வேலை என்று கேட்காமல் எந்தச் சான்றிதழும் எங்கள் அறையைவிட்டு வெளியே போகாது. எந்த டாக்டர் வந்தாலும் சரி, நான் விடமாட்டேன்!

நேற்று முன்தினம் கல்லறைத் தோட்டத்தில் டாக்டரின் பெட்டியை இறக்கக் கயிறு பிடித்தவர்களில் கொளஞ்சியப்பனும் ஒருவர். பெட்டி நல்ல பளு. எனக்குப் பழைய பயம். பக்கத்தில் போய், “பாத்துப்பா, வலது கை” என்றேன்.

அவர் கயிற்றை விடவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

“தூக்கலாம்னு சாரே எழுதிக் குடுத்துட்டாருங்க, சிஸ்டர்” என்றார்.