மீரான் டிராவல்ஸ், மன்னார்புரம்

உள்ள வாங்கம்மா, செருப்போடயே வாங்க, பரவால்ல. எம்மவ ஷஹனாஸ் குளிக்கிறா, இப்ப வந்துருவா. டி.பி. ஆபீஸ்லேருந்து ஆள் வரும்னு பெரியாஸ்பத்திரிலயே சொன்னாங்க. வீட்ல நானும் அவளும்தான்.

ஆமா, நம்ம டிராவல்ஸ்தான். இருவது வருசமா வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறேன். விசாவுக்கு டெஸ்ட்டு எடுக்குறானுங்களே ஒரு சென்டர்ல, போயிருக்கீங்களா? தூ! லால்குடிப் பக்கத்துப் பயலுவ ஜட்டியோட வரிசைல நிப்பானுவ. பல்லப் பாப்பான், கண்ணப் பாப்பான், நெஞ்சப் படம் புடிப்பான். மாட்டுச் சந்தை தேவலாம். எல்லாம் எதுக்கு? இவன் நல்லாருக்கணும்னா? அங்க உள்ளவனுக்கு ஒட்டிக்கிறக் கூடாதுன்னு! நெஞ்சுல புள்ளி இருந்தா அன்ஃபிட்டுன்னு போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்புடுவான். என்ன சீக்கு, எங்க மருந்து, மூச்சு விடமாட்டான். பெரியாஸ்பத்திரில சும்மா குடுக்குற மாத்திரை! சொன்னா வாயில உள்ள முத்து உதுந்துருமா?

சொல்லித்தான் ஆகணுமா? சட்டம் இருக்கா? நல்லா இருக்கு போங்க.

எங்க மாப்பிள்ள ரஃபீக்குக்கும் அப்டித்தான் ஆச்சு. குவைத் விசா கையில இருக்கு, அன்ஃபிட். சும்மா சளிதான், ஆறு மாசம் பாலு முட்டைன்னு சாப்புட்டுட்டு மறுபடி டெஸ்ட்டு எடுத்துக்கலாம்னு அவருகிட்ட சொல்லியாச்சு. தங்கமான புள்ள, நம்பித் தின்னாரு. இருமுனா தூசிம்பாரு. போன மாசம் இதே கூடத்துல ரத்தமாக் கக்குனாரு. நாலாம் நாள் மவுத்து. கல்யாணமாகி ஏழு மாசம்தாம்மா!

இந்தா, அவதான் இருமுறா. ரெண்டு வாரமா இப்டித்தான். நாலு மாசம் முழுகாம வேற இருக்கா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? மருந்து சாப்புட்டா ஆகாதா? அல்லாஹ் ஒங்கள நல்லா வைக்கணும்.

பாலு முட்டை யாரு சொன்னதா? எங்க தொழில்ல எல்லாருமே அன்ஃபிட் ஆன பயலுவளுக்கு அதத்தாம்மா சொல்லி அனுப்புவோம். நானே எத்தனை பேருக்குச் சொல்லிருப்பேன், கணக்கே கெடையாது.

மாப்பிள்ளைக்கா? மாப்பிள்ளைக்கும் நான்தான் சொன்னேன். ரிசல்ட்டு மொதல்ல என் ஆபீசுக்குத்தான வரும். அப்ப நிக்காஹுக்கு இருவது நாள் இருந்துச்சு, ஊரெல்லாம் அழைச்சாச்சு. மெதுவாக் கேளுங்கம்மா, தண்ணி சத்தம் நின்னுருச்சு. அவளுக்கு இது தெரியாது.