அதெல்லாம் இவளுக்குத்தான் தெரியும்

எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா என் பொறுப்பு, டாக்டர். எதை எப்போது விழுங்க வேண்டும் என்பதை அம்மா நினைவில் வைத்துக்கொண்டதே இல்லை. கையை நீட்டுவாள். நான் வைப்பேன். விழுங்குவாள்.

நுண்ணுயிரியல் படித்து முடித்ததும் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. "முட்டி தேஞ்சுபோன அம்மாவ விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருதா?" என்று கேட்டாள். வரவில்லை. அதன்பின் கடைக்கும் வங்கிக்கும் அவள் கால் நான்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அந்த முட்டியைக் காட்டியே தட்டிக் கழித்தாள்.

செயற்கை மூட்டு வைத்தால் நன்றாக நடப்பாள் என்று நீங்கள் சொன்னபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணனுக்குப் போன் செய்தாள். "நடக்க ஆரம்பிச்சதும் அங்கயே வந்துடறேன்டா. பேரனப் பாத்துக்கணும்ல. இவளுக்கென்ன, ஒண்டிக்கட்டை. எப்படியோ பொழச்சுக்குவா."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து முடித்தேன்.

பிறகு அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. பல் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். கன்ன வீக்கம் வடிந்ததும் பாதியிலேயே போதும் என்றாள். முன்பென்றால் திட்டியாவது விழுங்க வைத்திருப்பேன்.

அறுவை சிகிச்சைக்கு முன் நீங்கள் கேட்டீர்கள், சமீபத்தில் ஏதாவது தொற்று வந்ததா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்களா என்று. இருந்தால் தள்ளிப் போடலாம், அவசரமே இல்லை என்றும் சொன்னீர்கள். அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதெல்லாம் இவளுக்குத்தான் தெரியும். படிச்சவ."

எனக்கு ஏதோ தெரியும் என்று அவள் பிறர் முன்னால் சொன்னது அதுவே முதல் தடவை.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

மிச்சமிருக்கும் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் குடியேறலாம் என்பது எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை அன்று காலையில் அம்மாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. காய்ச்சல் மாத்திரையை அவள் கையில் வைத்தேன். விழுங்கினாள்.

மூட்டில் சீழ் வைத்தது. நீங்கள் அந்தப் புது மூட்டையே வெளியே எடுத்தீர்கள். ஆபரேஷன் தியேட்டர் சுத்தமில்லை என்று அண்ணன் சண்டை போட்டான், நீங்கள் அங்கே பொறுப்பாக இருந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அம்மா இனி நடக்க மாட்டாள். அண்ணன் போன்கூடச் செய்வதில்லை. நான் வேளாவேளைக்குப் புண்ணைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிறேன். நீங்களே சொல்லுங்கள் டாக்டர், அவன் வீட்டுக்குப் போயிருந்தால் அவளை யார் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?